நாணயம் அறியாத கால்

அத்தியாயம் 14

வண்டி பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும் என்று எபோ மாமா சொல்லியிருந்தார். அராபா ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை.

தங்கை குகுவா அவளுக்கு முன்பே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்துவிட்டு, அம்மாவின் கால்மாட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். கைதட்டினாள். குதித்தாள். ஒரு காலை முன்னால் நீட்டினாள். கட்டில் கம்பியில் கால் 'ணங்' என்று இடித்தது.

"இன்னும் இத நீ விடலயா?"

"பாத்தியா? பாத்தியா அக்கா? இப்பக்கூட அசஞ்சுது!"

"நரம்பு இழுக்குது. டாக்டர் சொன்னாரில்ல?"

"டாக்டர் அம்மாகூட அம்பே ஆட்டம் ஆடியிருக்காரா?"

அராபா பையை நாற்காலியில் வைத்தாள்.

அம்மா, தன் கடை வாசலில் சோள மாவுக் கென்கி வேகும் அடுப்பின் முன் விழுந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். தைக்கோராடி துறைமுகத்து ஆட்கள் பாதிப் பேர் எஃபுவாம்மாவின் கடையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இப்போது அவளுக்குப் பேச்சில்லை. கையில்லை. இமைகள் தாமாகவே ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன, அதனால் கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பாதங்கள் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் நிமிர்ந்து இறங்கும். உள்ளே யாரும் இல்லை என்றார் டாக்டர்.

போன வாரம் குகுவா, துக்கம் தாங்காமல், சின்ன வயதில் தட்டுவதுபோல அம்மாவின் முன்னால் கையைத் தட்டினாள். அம்மாவின் வலது பாதம் நிமிர்ந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை.

சண்டை வெறும் பாதத்தைப் பற்றியது இல்லை. அம்மாவை சால்ட்பாண்டுக்கு, குடும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மாமா முடிவு செய்திருந்தார். அங்கே மூக்குக் குழாய் கிடையாது, மூச்சுக்கு மெஷின் கிடையாது. "குழாய எடுத்தா பத்து நாள். அதுக்கு மேல இல்ல," என்று நர்ஸ் டேடே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். தாய்வழிச் சொந்தம் பார்க்கிற அவர்கள் குடும்பத்தில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். அராபாவும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

குகுவா மட்டும் ஆட்டவில்லை.

"சரி. ஒண்ணு பண்ணலாம்," என்றாள் அராபா. "சோதிச்சுப் பாத்துடலாம். ஒழுங்கா. நீ கத்தறதும் நான் மறுக்கறதும் வேணாம்."

"உன் ஆபீஸ் கணக்கா?"

"ஆமா. என் ஆபீஸ் கணக்குதான்."

அராபாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று போட்டுக்கொடுப்பாள். குகுவாவுக்கு சந்தைக்குப் பின்னால் முடி பின்னும் கடை. ஊர்க் கதை எல்லாம் அவள் விரலில்.

"அம்பேல என்ன? ரெண்டு பேரும் குதிச்சு ஒரு காலை நீட்டறோம். ரெண்டு பேரும் ஒரே காலை நீட்டினா உனக்குப் பாயிண்ட். வேற வேற கால்னா அம்மாவுக்கு. சரியா?"

"எனக்கே அம்பே சொல்லித் தர்றியா?"

"கேளுடீ. உள்ள யாருமே இல்ல, சும்மா நரம்பு இழுக்குதுன்னு வை. இருபது தடவை ஆடினா உனக்குப் பத்து வரும், அம்மாவுக்குப் பத்து வரும். ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. அம்மாவுக்குப் பதினாறு, பதினேழு வந்தா... அது சும்மா இல்ல."

"அம்மா இருபதும் அடிப்பா."

அது வீண் பெருமை இல்லை. ஐம்பது வயதிலும் எஃபுவாம்மா கடை வாசலில் பள்ளிக்கூடப் பெண்களை நிறுத்தி வைத்து ஆடி, வரிசையாகத் தோற்கடித்து, அழுகிற பெண்ணுக்கு ஒரு வறுத்த மீன் கொடுத்து அனுப்புவாள். யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "நீ எந்தக் காலப் போடப்போறேன்னு உனக்கு முன்னால எனக்குத் தெரியும்," என்பாள்.

நர்ஸ் டேடேயைக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு போர்வையைக் குறுக்கே கட்டினார்கள். அம்மாவின் பாதங்கள் டேடேக்கு மட்டும் தெரியும். குகுவாவின் கால்கள் அராபாவுக்கு மட்டும் தெரியும். கைதட்டலோடு அம்மாவின் எந்தப் பாதம் நிமிர்கிறதோ அதை டேடே எழுத வேண்டும்.

"ஆத்தாடி, எனக்கு நர்சிங் பரீட்சையிலகூட இவ்வளவு பயம் இல்ல," என்றாள் டேடே.

அராபா பையிலிருந்து ஐம்பது பெசேவா நாணயத்தை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"நீ உன் இஷ்டத்துக்குக் குதிச்சா, உனக்கே தெரியாம அம்மாவுக்கு ஏத்த மாதிரி குதிப்ப. நாணயம் சொல்ற காலத்தான் நீ போடணும். தலைன்னா வலது. பூன்னா இடது. அப்பதான் நியாயம்."

குகுவா முகத்தைச் சுளித்தாள். ஆனால் தலையாட்டினாள்.

தட்டு, தட்டு, குதி. தட்டு, தட்டு, குதி. இருபது தடவை. முடிந்தபோது குகுவாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து அராபா எண்ணினாள்.

குகுவாவுக்குப் பதினொன்று. அம்மாவுக்கு ஒன்பது.

"அவ்வளவுதான்," என்றாள் அராபா மெதுவாக. "சும்மாதான்டீ. உள்ள யாரும் இல்ல."

தங்கையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதைவிட, தன் மனசுக்குள் வந்ததைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வந்தது நிம்மதி. அம்மா இல்லை என்றால், இந்த அறையில் இருபத்து மூன்று நாளாகப் பேசிய எதையும் அம்மா கேட்கவில்லை.

குகுவா அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அந்த நாணயத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட கால்?"

"என்னது?"

"இருபது தடவை குதிச்சேனே, அது யாரோட கால்? என்னோடதா? உன் காசோடதா?"

"குகுவா..."

"அம்மாவுக்கு என் காலு தெரியும். எட்டு வயசுலேர்ந்து தெரியும். உன் காசு எந்தக் காலப் போடும்னு அவளுக்கு எப்படிக்கா தெரியும்? கடவுளுக்கே தெரியாதே!"

அராபா நாணயத்தை எடுத்தாள். பைக்குள் போட்டாள்.

அம்பே ஆடுகிற எட்டு வயசுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும், எதிரே நிற்கிறவளின் மனசோடுதான் ஆட்டம் என்று. எதிரே இருந்த ஆளையே எடுத்துவிட்டு, அம்மா ஊகிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தாள் அராபா. நாணயத்தோடு ஆடினால் எஃபுவாம்மாவும் சரி, எந்த மகாராணியும் சரி, பாதிக்குப் பாதிதான்.

"மறுபடி ஆடு," என்றாள். "இந்தத் தடவை உன் இஷ்டம்."

அப்போதுதான் எபோ மாமா உள்ளே வந்தார். மணி பதினொன்று.

"என்ன நடக்குது இங்க? ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூட மைதானமா?"

"உட்காருங்க மாமா," என்றாள் குகுவா. "டிக்கெட் வாங்காம உள்ள வந்துட்டீங்க, பரவாயில்ல."

"வண்டிய சீக்கிரமே வரச் சொல்லிட்டேன். இப்ப வந்துடுவான். இவ என்னடான்னா குதிச்சிட்டிருக்கா."

"பத்து நிமிஷம் மாமா," என்றாள் அராபா. அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தது.

தட்டு, தட்டு, குதி. குகுவா யோசிக்காமல் ஆடினாள். பின்னல்கள் தோளில் அடித்தன. போர்வைக்கு அந்தப் பக்கம் டேடேயின் பேனா கீறும் சத்தம் மட்டும். பத்துக்கு மேல் டேடே எழுதுவதற்கு நடுவே "அம்மாடி" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

இருபது.

அராபா எண்ணினாள். திரும்ப எண்ணினாள். தாளை மாமாவிடம் கொடுத்து அவரையும் எண்ணச் சொன்னாள்.

"ரெண்டு," என்றார் மாமா. "எங்கக்காவுக்கு ரெண்டே ரெண்டு. இவளுக்குப் பதினெட்டு. அடப்பாவமே. ஊர் சாம்பியன்! இன்னும் மோசமால்ல போச்சு? முதல்ல ஒன்பதாவது இருந்துதுன்னு சொல்றீங்க."

குகுவாவின் முகம் விழுந்துவிட்டது. "அம்மா தோத்துட்டாளா?"

"இல்ல," என்றாள் அராபா. "மாமா, ஒண்ணுமே தெரியாத ஆளுக்குப் பத்து வரணும். பதினெட்டு தடவை ஜெயிக்கணும்னா இவ எந்தக் காலப் போடறான்னு தெரிஞ்சிருக்கணும். பதினெட்டு தடவை தோக்கறதுக்கும் அதே மாதிரி தெரிஞ்சிருக்கணும். சும்மா அசையற காலு இப்படி ஒரு பக்கமா அசையணும்னா, ஐயாயிரம் தடவை இந்த ஆட்டத்தை ஆடினா ஒரு தடவை நடக்கலாம்."

"கம்பில இவ கால் இடிக்குதே. அந்த அதிர்வுக்கு அவ கால் ஆடியிருக்கும்."

"அப்படின்னா நாணயம் போட்டு ஆடினப்பவும் பதினெட்டு வந்திருக்கணும் மாமா. அப்பவும் இதே கம்பிதான், இதே இடிதான். அப்ப வரல."

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பாருங்க." அராபா தாளை நீட்டினாள். "இவ ரெண்டு தடவை வலது போட்டா மூணாவது இடது போடறா. கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும்."

"நான் எந்தக் கணக்கும் வச்சுக் குதிக்கறதில்ல!" என்றாள் குகுவா.

"உனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்."

அம்மாவின் இமைகள் துடித்துக்கொண்டேயிருந்தன.

பிறகு குகுவா கத்தினாள். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். ஓடிப்போய் அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "இருக்கா! நான் சொன்னேன்ல! இருக்கா! எனக்கு விட்டுக்கொடுத்திருக்கா! வாழ்க்கையில மொதல் தடவையா விட்டுக்கொடுத்திருக்கா!"

அந்த வார்த்தையில் அராபா நின்றுவிட்டாள்.

விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஆட்டத்தை மட்டுமா?

மாமாவும் வேறு எதிலோ நின்றிருந்தார். "அப்படின்னா..." என்றார். "அப்படின்னா, நான் போன்ல பேசினதெல்லாம்..."

ஆமாம். இந்தக் கட்டிலின் மேல் குனிந்து நின்றுதான் மாமா பந்தல்காரனிடம் பேசினார். அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலியா, வேறு சாவுக்குக் கொடுத்துவிட்டாயா என்று. இந்தக் கட்டிலின் மேல்தான் அக்காவுக்கு வயது அறுபத்தொன்பதா எழுபத்தொன்றா என்று சண்டை நடந்தது. எழுபதைத் தாண்டியிருந்தால் சாவுக்குக் கறுப்பு வெள்ளைத் துணி எடுக்கலாம், இல்லையென்றால் கறுப்பும் சிவப்பும். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அராபா தன் சிநேகிதியிடம் சொன்னாள்: கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று.

எல்லோருக்கும்.

"டேடே சிஸ்டர், கொஞ்ச நேரம் அம்மாகூட என்னைத் தனியா விடறீங்களா?" என்றாள் அராபா. "மாமா, குகுவா, நீங்களும் வெளிய இருங்க. நான் ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப்போற?" என்றாள் குகுவா.

"ஊருக்குப் போகணுமா, இங்கயே இருக்கணுமான்னு. அவ சொல்லட்டும். நாம யார் சொல்றதுக்கு?" அம்மாவின் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மா, வலது காலுன்னா ஆமா. இடது காலுன்னா இல்ல. புரிஞ்சுதா?"

வலது பாதம் நிமிர்ந்தது.

"வலது! ஆமான்னு சொல்றா!" குகுவா துள்ளினாள். "நான் இருக்கேன்கா. நான் சத்தமே போடமாட்டேன்."

"நீயா? வெளிய போடீ."

கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் குகுவா யாருக்கோ போன் போட்டு, அம்மா ஆடினாள், அம்மா ஆடினாள் என்று கத்துவது கேட்டது.

அராபா போர்வையை அவிழ்த்தாள். கட்டிலின் ஓரம் உட்கார்ந்தாள்.

"அம்மா. ஊருக்குப் போகணுமா? பொறு, முழுசா சொல்லிடறேன். அங்க இந்தக் குழாய் இருக்காது. இந்த மெஷின் இருக்காது. ரொம்ப நாள் ஆகாதும்மா. பத்து நாள்னு சொல்றாங்க. அது தெரிஞ்சு சொல்லு. போகணுமா?"

இரண்டு முறை கைதட்டினாள்.

வலது.

ஒரு தடவைக்கு மதிப்பே இல்லை. பாதிக்குப் பாதி. ஆபீசில் ஒரு ஆளை வைத்து யாராவது முடிவு சொன்னால் அவள் சிரிப்பாள். நம்ப வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும். சாகப் போகிறாயா என்று பெற்ற தாயிடம் எத்தனை தடவை கேட்பது?

"அம்மா, இன்னொரு தடவை கேக்கறேன். கோச்சுக்காத. ஊருக்குப் போகணுமா?"

தட்டு, தட்டு.

வலது.

தற்செயலாக இப்படி வர நாலில் ஒன்று. ஆனால் வலது பாதத்துக்குத்தான் வலு அதிகமாக இருந்தால்? எதைக் கேட்டாலும் அதுதான் நிமிரும் என்றால்? அராபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூளை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டேயிருந்தது, அதை அவள் அப்போது வெறுத்தாள்.

"இப்ப மாத்தறேன்மா. இப்பலேர்ந்து இடதுன்னா ஆமா. வலதுன்னா இல்ல. இடதுன்னா ஆமா. சரியா?"

இடது கையால் காசு நீட்டுகிறவனுக்கு, துறைமுக அதிகாரியே ஆனாலும், கென்கி கொடுக்காதவள் அம்மா. அவளிடம் இடதால் பதில் சொல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஊருக்குப் போகணுமா?"

தட்டு, தட்டு.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, மெல்ல, பெருவிரல் மட்டும் முதலில், இடது பாதம் நிமிர்ந்தது.

எட்டில் ஒன்று.

"போகணுமாம்மா?"

இடது.

பதினாறில் ஒன்று.

இதுவே ஆபீஸ் என்றால் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பாள், அதற்கும் மேல் சந்தேகப்படமாட்டாள். இன்னும் ஒரு தடவை கேட்டால் முப்பத்திரண்டில் ஒன்று. கையை உயர்த்தினாள். தட்டுவதற்கு முடியவில்லை. பதினாறில் ஒரு பங்கு இது வெறும் தற்செயலாக இருக்கலாம், அம்மா போக விரும்பாமலே இருக்கலாம். அந்த ஒரு பங்கை அவளால் விட முடியவில்லை.

கேட்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. நான் சொன்னது உனக்குக் கேட்டுதாம்மா? அதற்கு ஒரே ஒரு தடவை பதில் வந்தாலே நம்பிவிடுவாள். அதனால் கேட்கவில்லை.

பதிலுக்கு ஒன்றாக நான்கு கோடு போட்டிருந்த தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கீழே வண்டியின் ஹார்ன் சத்தம். கதவு திறந்தது.

"வண்டி வந்துடுச்சு," என்றார் மாமா. ஆனால் வண்டியைப் பற்றிய அவசரம் அவர் முகத்தில் இல்லை. கண் சிவந்திருந்தது. அராபாவைப் பார்க்காமல் நேராகக் கட்டிலுக்குப் போனார். இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாக அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"அக்கா. நான்தான் எபோ. உங்கிட்ட ஒரு வார்த்தகூடக் கேக்காம வண்டி சொல்லிட்டேன். நீயே சொல்லு. ஊருக்குப் போலாமா?" தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத ஆளைப்போல, இரண்டு தடவை கைதட்டினார்.

"மாமா, வேணாம்..." என்றாள் அராபா. இடதுதான் இப்போது ஆமா என்பது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இடது பாதம் நிமிர்ந்தது.

"இடது!" என்று குகுவா அலறினாள். "இடது மாமா! இல்லன்னு சொல்றா! போகமாட்டேன்னு சொல்றா!"

மாமா அப்படியே கட்டில் ஓரத்தில் தலையை வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. தலையை எடுக்காமலே, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "வேணாம்பா. திரும்பிப் போயிடு. எங்கக்கா வரலயாம். ஆமா, அவளே சொல்லிட்டா."

குகுவா அம்மாவின் இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஈரமான முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள்.

"நீ கேட்டப்பவும் இதானேக்கா சொன்னா? இடதுதானே?"

அராபாவின் கை ரவிக்கையில் இருந்த தாளின் மேல் இருந்தது.

"ஆமா," என்றாள். "கடைசி ரெண்டு தடவையும் இடதுதான்."

அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.